வெண்டைக்காய் போடாத பானை

பதினோரு நாட்களாக கிர்ஸ்தே ஒரு சண்டைகூடப் போடவில்லை. ஸ்தமேனா எண்ணிக்கொண்டுதான் வந்தாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் புருஷன் இதற்குமுன் அதிகபட்சம் நான்கு நாள் சும்மா இருந்திருக்கிறான். அதுவும் தொண்டை கட்டியிருந்தபோது.

மறுநாள் ஆன்மாக்களின் சனிக்கிழமை, செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். ஊரில் எல்லாப் புகைபோக்கிகளிலும் புகை வந்தது. கல்லறைக்குக் கொண்டுபோகும் கியூவெச் என்ற காய்க்கறிக் கூட்டை வெள்ளிக்கிழமையே மண்பானையில் அடுக்கி, மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும். செத்தவர்கள் பேரில் வைக்கிற பானையில் இறைச்சி கூடாது, பன்றிக்கொழுப்பு கூடாது. காய்கள், சூரியகாந்தி எண்ணெய், ஒரு பிடி அரிசி. அவ்வளவுதான்.

உப்புப் போட்டு வைத்திருந்த கத்தரிக்காய் கறுப்பாக நீர் விட்டிருந்தது. ஸ்தமேனா அதைக் கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்து போட்டாள். அப்புறம் உருளைக்கிழங்கு, சுரைக்காய், பீன்ஸ். ஜன்னல் பக்கத்து ஆணியில், நூலில் கோத்து உலர்த்திய வெண்டைக்காய் மாலை தொங்கியது. மற்ற வருடங்களில் காலையிலேயே அதை இறக்கி வினிகரில் ஊறப்போட்டிருப்பாள். இன்று தொடவில்லை.

கிர்ஸ்தேயின் அம்மாவுக்கு வெண்டைக்காய் என்றால் உயிர். பானையில் அது இல்லையென்றால் கிர்ஸ்தே கல்லறைக்கே வரமாட்டான். மகன் வாங்கெலுக்கு அது ஆகாது. சின்ன வயதில் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குவான். அப்பன் கரண்டியால் எல்லாவற்றையும் மறுபடி நடுவில் தள்ளுவான். வாங்கெல் வளர்ந்த பிறகும் அந்த வீட்டில் அப்படியேதான் நடந்தது. கடைசியில், விவாகரத்தாகி ஒரு குழந்தையும் இருந்த ஒருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்று வாங்கெல் நின்றபோது, கிர்ஸ்தே அவன் பெட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். வாங்கெல் ஜெர்மனிக்குப் போய்க் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலையில் சேர்ந்தான். அந்தப் பெண் இரண்டு வருடத்தில் அவனை விட்டுப் போனாள். பெட்டியை எறிந்தவன் மட்டும் மாறவில்லை.

ஒன்பது வருடம். இப்போது வருகிறேன் என்று சொல்லியிருந்தான். கிர்ஸ்தே காபிக்கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னான். "மித்ரோவ் திருநாளுக்கு வர்றேம்மா. அவரு கதவத் தெறப்பாரான்னு மட்டும் கேட்டு வை."

திருநாளுக்கு இன்னும் ஐந்தே நாள். அவள் இதுவரை கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வாங்கெல் கூப்பிடவும் இல்லை. சாமான் கட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டே ஆகவேண்டும்.

மத்தியானப் பஸ்ஸில் கிர்ஸ்தே ஸ்த்ருமிட்சாவிலிருந்து திரும்பினான். பல்வலி என்று இந்தப் பத்து நாளில் மூன்றாவது தடவையாக டவுனுக்குப் போயிருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. அதை அலமாரி மேல் வைத்தான்.

"புடுங்கியாச்சா?"

"இல்ல."

"மூணு தடவ போயும் புடுங்கலன்னா டாக்டருக்கும் பயம்தான் போல, கடிச்சிருவேன்னு."

அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கத்தியை எடுத்தான். சிவப்புக் குடைமிளகாய் ஒன்றை எடுத்துக் காம்பைக் குடைந்து, விதையைத் தட்டி, நறுக்க ஆரம்பித்தான். இந்தச் சமையலறையில் அவன் ரொட்டியைத் தவிர வேறு எதையும் வெட்டி ஸ்தமேனா பார்த்ததில்லை.

"கைய வெட்டிக்காத. நாளைக்கு ஒனக்கும் சேர்த்து மெழுகுவத்தி வாங்கணும்."

அவன் அடுத்த மிளகாயை எடுத்தான்.

பக்கத்து வீட்டு துனா ஒரு கட்டு பார்ஸ்லியோடு உள்ளே வந்தாள். எதையாவது கொடுக்கிற சாக்கில்தான் துனா எந்த வீட்டுக்கும் போவாள்.

"அய்யய்யோ, அண்ணன் காய் வெட்டுறாரு! அக்கா, நில்லு, நான் போய் பாதிரியாரக் கூட்டிட்டு வர்றேன்."

"கூட்டிட்டு வா. பேய் புடிச்சிருக்கான்னு அவரே பாக்கட்டும்."

"எங்க வீட்டுப் பேய் வெட்டுறதும் இல்ல, வாய மூடுறதும் இல்ல." துனா சிரித்தாள். அடுத்து குரலைத் தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாள். "ஆமா, வாங்கெல் வர்றானாமே?"

ஸ்தமேனா முறைத்தாள். கத்தி நின்றது. கிர்ஸ்தே எழுந்து, விறகு எடுக்கப் போகிறவன்போல வெளியே போனான். அடுப்புக்குப் பக்கத்தில் விறகு இடுப்பளவு அடுக்கியிருந்தது.

"ஒன் நாக்க அறுத்துப் பானையில போட்டா தேவலாம்" என்றாள் ஸ்தமேனா.

"வெரத நாள்க்கா. எறைச்சி ஆகாது" என்று சொல்லிவிட்டு துனா நழுவினாள்.

காய்களை அடுக்கி முடித்து மேலே தக்காளி வட்டங்களைப் பரப்பினாள். மிளகாய்த் தூள் தூவி, எண்ணெயைச் சுற்றி ஊற்றினாள். மூடியை வைத்து, மாவைக் கயிறாக உருட்டி விளிம்பைச் சுற்றி அழுத்தினாள். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"வெண்டைக்கா போடல."

"போடாத."

மாவை அழுத்திய விரல் நின்றது. "ஒங்கம்மாவுக்கு?"

"எங்கம்மா இத்தன வருஷமா தின்னாச்சு. போதும்."

இந்த மனுஷனிடம் கேட்க இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குத் தோன்றியது.

"துனா சொன்னது நெசம்தான். வாங்கெல் வர்றான். நீ கதவத் தெறப்பியா?"

கிர்ஸ்தே அடுப்பு வாய்க்கு முன்னால் குந்தியிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது.

"தெறந்துதான் இருக்கும்."

இதற்குப் பிறகு ஓர் 'ஆனா' வரும். அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள். வரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. இத்தனை சுலபமா? இவ்வளவு சின்னச் சொல்லா?

"ஒம்போது வருஷம் ஆச்சு ஒனக்கு, இத வாயிலேர்ந்து துப்ப. அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ள இப்படி ஊரான் செவுத்துல தொங்கிப் பொழைக்க வேண்டியதில்ல. வரட்டும். வந்தப்புறம் நீ அவன் கால்ல விழுந்தாலும் எனக்கு ஆறாது, தெரிஞ்சுக்க."

அவன் கையில் இருந்த விறகுக் கட்டை அடுப்புக்குள் போகாமல் அப்படியே நின்றது. பேசட்டும், பதிலுக்குப் பேசட்டும் என்று பார்த்தாள். அவன் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படுக்கப் போனான். வெளிச்சம் இன்னும் போகவில்லை.

அன்றைக்கு அவள் மகன் அறையின் படுக்கை விரிப்பை மாற்றினாள்.

சனிக்கிழமை காலையில் மாவு கல்லாக இறுகியிருந்தது. கத்தியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்தாள். ஆறின பானையிலிருந்தும் வாசனை எழுந்தது. காய்கள் உருக்குலையாமல் வெந்திருந்தன. வாங்கெல் வந்ததும் இதேபோல் இன்னொரு பானை வைக்க வேண்டும், அதில் ஆட்டிறைச்சி போட்டு.

பழுப்பு மண் கிண்ணங்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். இந்த வீட்டு வழக்கத்தில், செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம். கல்லறையில் பெயர் சொல்லி வைத்து, பிறகு அதை அடுத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மாமனார் மித்தோ. மாமியார் சோய்கா. அவளுடைய அப்பா, அம்மா. ஆறே நாள் உயிரோடிருந்த மூத்த பெண் குழந்தை. ஐந்து.

கிர்ஸ்தே கோட்டை மாட்டிக்கொண்டு வந்தான். சவரம் செய்திருந்தான். அலமாரி மேலிருந்த பொட்டலத்தை எடுத்துச் செய்தித்தாளைப் பிரித்தான். அதே பழுப்பு, அதே அளவு, அதே குயவர் கடைக் கிண்ணம். அதைக் குழந்தையின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஊத்து" என்றான்.

ஸ்தமேனா அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். முதலில் இந்த வீட்டில் ஆறு கிண்ணங்கள்தான் இருந்தன. வாங்கெல் போன அடுத்த வருடம், இதே சனிக்கிழமை, கிர்ஸ்தே ஆறாவதை எடுத்து வந்து இதே மேஜையில் அடித்து வைத்தான். 'அவனுக்கும் ஒண்ணு ஊத்து. எனக்கு அவன் செத்துட்டான்' என்றான். அவள் அதைச் சுவரில் எறிந்து உடைத்தாள். சுவரில் அந்த இடம் இன்னும் பெயர்ந்துதான் கிடக்கிறது.

"நீ மனுஷன்தானா?" அவள் குரல் ஏறியது. "நேத்து கதவு தெறந்திருக்கும்னியே. பல்வலி, பல்வலின்னு அலைஞ்சது இதுக்குத்தானா? எங்க போயிருச்சு பழைய புத்தின்னு பாத்தேன். எங்கயும் போகல, கடைக்குப் போய் காசு குடுத்துக் கிண்ணம் வாங்கிட்டிருந்துருக்கு. அவன் வர்ற நேரம் பாத்து, எம்புள்ள வர்ற நேரம் பாத்து..."

கிண்ணத்தைத் தூக்கினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அடிக்கிற பிடி அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

"ஒடைக்காத."

"விடு! அன்னைக்கு மாதிரியே இதையும்..."

"அன்னைக்கு நான் திமிருல சொன்னேன், ஸ்தமேனா."

"இன்னைக்கு?"

"பல்லுக்குப் போகல. கையெழுத்துப் போடப் போனேன். செவ்வாய்க்கெழம கொண்டாராங்க."

"யார?"

அவன் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மேஜையில் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"நீ கடைசி மொளகா பறிக்கப் போயிருந்தியே, அந்தத் திங்கக்கெழம போன் வந்துச்சு. சாரம் சரிஞ்சிருச்சாம். ஒன் மொகத்தப் பாத்து எந்த வாயால சொல்லுவேன்? அந்தச் சொல்ல முன்னாடியே சொல்லிவச்ச வாயி இதுதான்."

"கிர்ஸ்தே."

"வாங்கெல் செத்துட்டான்."