நீலத் துண்டு

"நீலத் துண்டை எடு, புள்ளி" என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அவள் கொடியிலிருந்து பச்சைத் துண்டை உருவிக் கதவிடுக்கில் நீட்டினாள். ஈரக் கை ஒன்று வெளியே வந்து வாங்கிக்கொண்டது.

அந்த வீட்டில் இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. அவள் கணவருக்குப் பச்சை, நீலம், ஊதா எல்லாமே நீலம்தான். கண்ணில் கோளாறு இல்லை, நாக்குதான் சோம்பேறி. லிப்ட் மெக்கானிக் அவர். வேலையில் வயர்களை நிறம் தவறாமல் பிரித்து இணைக்கிறவர், வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்துவிடுவார். அவளோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் தூக்கக் கலக்கத்திலும் கண்டுபிடிப்பாள். புள்ளி என்ற பெயரே அதனால் அவர் வைத்ததுதான். அப்படிப்பட்டவள் இந்த ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டிருந்தாள்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, அவள் தோளில் கிடந்த குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். "என்னடா கடுகு?"

குழந்தையின் இதயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கடுகளவுதான், தானாகவே மூடிக்கொள்ளலாம், மூடாவிட்டால் ஒரு வயதுக்குள் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்றே அவர் குழந்தைக்கே கடுகு என்று பெயர் சூட்டிவிட்டார். பயத்தை அவர் கையாளுகிற விதம் அது.

"இன்சூரன்ஸ் என்னங்க ஆச்சு? மாசக் கடைசிக்குள்ள குழந்தையைச் சேர்க்கணுமாம். ஏஜென்ட் மறுபடியும் போன் பண்ணிட்டார்."

"மூணு திட்டப் புத்தகத்தையும் படிச்சுட்டேன். நீலத்தையே எடுத்துடு."

"ஏன் அது?"

"அதை விளக்க ஒரு சாயங்காலம் வேணும். வந்து சொல்றேன்."

சரி என்றாள். குழந்தை அழுததால் எந்த நீலம் என்று கேட்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்தது. வேலை முடிந்து சாலையைக் கடக்கும்போது அவரை ஒரு வேன் இடித்துத் தள்ளியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நாத்தனார் மட்டும் துணைக்குத் தங்கினாள். ஏஜென்ட் தயங்கித் தயங்கிப் போன் செய்தார். மாசக் கடைசி நெருங்குதுங்க என்றார். அவள் அலமாரியிலிருந்து மூன்று விளக்கப் புத்தகங்களையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். ஒன்றின் அட்டை பச்சை. ஒன்று நீலம். ஒன்று ஊதா. நீலத்தின்மேல் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன அண்ணி யோசனை? அண்ணன் நீலம்னு சொல்லிட்டுத்தானே போனான், எடுத்துடுங்க."

"உங்க அண்ணன் சொன்ன நீலமா?"

நாத்தனார் மேஜையைப் பார்த்தாள். "கிழிஞ்சது போ" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஸ்கூல்ல மரம் வரைஞ்சு, இலை நீலம்னு எழுதி வச்சிருக்கான். வாத்தியார் காதைப் பிடிச்சுத் திருகு திருகுன்னு திருகி அனுப்பிட்டார். வீட்டுக்கு வந்தவன்கிட்ட, 'கண்ணாடியில காதைப் பாருண்ணா, என்ன கலர்ல இருக்கு'ன்னு கேட்டேன். 'நீலம்'னான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதி வழியில் வேறொன்றாக மாறியது. கொஞ்ச நேரம் அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, மறுபடியும் புத்தகங்களுக்குத் திரும்பினார்கள்.

வாழ்நாளெல்லாம் அச்செழுத்தைப் பார்த்துப் பிழைத்தவளுக்கு இந்த எழுத்துகள் பிடிபடவில்லை. பிழை ஒன்றும் இல்லை, பொருள்தான் நிற்காமல் நழுவியது. நீலத்தில் எல்லாம் உண்டு, ஆனால் பிறவியிலேயே இருக்கிற குறை என்றால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். கடுகு எப்படிக் காத்திருக்கும்? ஊதாவில் காத்திருப்பு இல்லை, ஆனால் அது ஆபரேஷனுக்குக் கொடுக்குமா, அறை வாடகைக்கு மட்டும் கொடுக்குமா என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறியது. பச்சையில், 'கீழ்க்கண்டவை நீங்கலாக அனைத்துச் சிகிச்சைகளுக்கும்' என்று இருந்தது. கீழே போனால், 'பிறவிக் குறைபாடுகள், உள்ளுறுப்புகளில் உள்ளவை நீங்கலாக' என்று இருந்தது.

அவள் அதை உரக்கப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். ஒரு முறை படித்தால் கடுகு உள்ளே இருந்தது, மறுமுறை படித்தால் வெளியே இருந்தது.

"ஒரு 'நீங்கலாக'வுக்குள்ள இன்னொரு 'நீங்கலாக' வருது" என்றாள்.

"அப்படின்னா? வீட்டை விட்டு வெளிய போனவன், அந்த வெளியையும் விட்டுப் போயிட்டா வீட்டுக்கே திரும்பி வந்துட்டான்னு அர்த்தமா?"

நாத்தனார் விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்ததும் இருவரும் வாசல் கதவின் பக்கம் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள்.

மறுநாள் ஏஜென்ட் நேரிலேயே வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அவர் உங்ககிட்ட எதுன்னு சொன்னாரா?" என்று அவள் கேட்டாள்.

"மூணைப் பத்தியும் துருவித் துருவிக் கேட்டாருங்க. என் உயிரை எடுத்துட்டார்." சொல்லிவிட்டு ஏஜென்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க. வீட்ல பேசிட்டுச் சொல்றேன்னார், அவ்வளவுதான்."

பச்சையிலிருந்த அந்த வரியை அவள் விரல் வைத்துக் காட்டினாள். ஏஜென்ட் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தார். "நானே இதை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லைங்க" என்று ஆபீசுக்குப் போன் போட்டார். அங்கே யாரோ யாரையோ கேட்டார்கள்.

"இதயம் உள்ளுறுப்புங்கிறதால கிடைக்குமாம். காத்திருக்க வேண்டாம். எழுத்துலயே வாங்கித் தரேன்." பேனாவைத் திறந்தார். "முதல் பேர் வழக்கமா அப்பாவோடது..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"என் பேரைப் போடுங்க."

கணவர் சொன்ன நீலம் இந்தப் பச்சைதானா? அந்தச் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்திருந்தால், இல்லை புள்ளி, ஊதாவில் வேறொரு சங்கதி இருக்கு என்று நிறுத்தி நிதானமாக விளக்கியிருப்பாரோ? அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே பச்சைப் புத்தகத்தை ஏஜென்ட் பக்கம் நகர்த்தினாள். காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கையெழுத்தில் தன் பெயரின் புள்ளி ஒன்று விட்டுப்போயிருந்ததைப் பார்த்து, தாளைத் திரும்ப வாங்கிப் புள்ளியை வைத்தாள்.

ஏஜென்ட் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே கடுகு அவள் தோளில் பாலைக் கக்கியது.

"அந்த நீலத் துண்டை எடேன்" என்று நாத்தனாரிடம் சொன்னாள்.

நாத்தனார் கொடிக்குப் போனாள். அங்கே நிஜமான நீலத் துண்டு ஒன்றும் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, பச்சையை எடுத்து வந்தாள்.