சுலபப் பாதையில் ஒரு நொண்டல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நடப்பதற்கு ஒரு காரணமும் வேண்டியதில்லை. நாங்கள் நடந்தால் ஆலிவ் தோட்டத்துக்கு நடந்தோம், கீழே கடற்கரைக்கு மீன் வாங்க நடந்தோம், மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்டு நடந்தோம். இவர்கள் மிலானிலிருந்து கார் ஓட்டி வந்து, கைக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர நடக்கிறார்கள். வந்து சேர்ந்ததும் ஏதோ சண்டைக்குப் போய் உயிரோடு மீண்ட மாதிரி ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு வட்டப் பாதை எங்கள் மலைக்கும் வேண்டும் என்று மருந்துக்கடை ஓர்னெல்லாவுக்கு ஆசை. டூரினிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், வந்த கொஞ்ச நாளில் ஊர்க்குழுத் தலைவியும் ஆகிவிட்டாள். மதுக்கடை மேசையில் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் மூலைகளில் டம்ளர் வைத்தாள். கோயிலில் கிளம்பி, கல்லறை மதிலை ஒட்டி ஏறி, பழைய காவல் கோபுரத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டு, எரிந்த சரிவு வழியாக ஊற்றடிக்கு இறங்கி, திரும்பவும் கோயில்.

அவள் விரல் அந்த எரிந்த சரிவில் இறங்கியபோது நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன்.

காட்டுத்தீயில் போன இடம் அது. கருகின மண்ணில்தான் காட்டு அஸ்பாரகஸ் குருத்து கொத்துக் கொத்தாக வரும். வசந்தத்தில், விடிந்தும் விடியாமலும் போய் ஒடித்து வந்து, முட்டையில் போட்டு வதக்கினால் நான் யாரோடும் பேசமாட்டேன். அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். சாகக் கிடந்தபோது என் தம்பி கேட்டான். பிழைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அவனுக்கும் சொல்லவில்லை.

"அங்க பாம்பு இருக்கும்மா" என்றேன்.

"பாம்பு எங்கதான் இல்ல, பெரியவரே?"

"காட்டுப்பன்னி."

"அது போன வாரம் என் கடை வாசல்லயே நின்னுச்சு."

"ஜெர்மன்காரன் எவனாவது வழுக்கி விழுவான். நம்ம மேல கேஸ் போடுவான்."

அடுத்த மேசையில் பச்சை மொச்சையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்த தெர்சில்லா நிமிர்ந்தாள். விதவை. என் வயசுதான். நாக்குக்கு மட்டும் வயசாகவில்லை.

"ஜெர்மன்காரன் மேல உனக்கு எப்பலேருந்துய்யா இவ்ளோ பாசம்?"

ஓர்னெல்லா சிரித்தாள். "பலகையில 'சுலபம்'னு எழுதணும். அப்பதான் குழந்தை குட்டியோட வருவாங்க. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் எங்கூட நடங்க. உங்களால முடிஞ்சா யாராலயும் முடியும். முடியலைன்னா அந்தச் சரிவை விட்டுட்டு மடத்து ரோட்டுப் பக்கமா மாத்திடறேன்."

முடியலைன்னா! அந்த ஒரு வார்த்தை போதுமே எனக்கு.

மறுநாள் கோயில் வாசலிலேயே நொண்ட ஆரம்பித்தேன். கல்லறை மதில் முடிவதற்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலமுறை நின்றாயிற்று. "கஷ்டம்னே எழுதிக்கோம்மா" என்றேன். ஓர்னெல்லா போனில் எதையோ தட்டினாள்.

"எந்தக் காலுய்யா?" என்றாள் தெர்சில்லா. "கோயில்கிட்ட இடது கால நொண்டின. இப்ப வலது கால நொண்டற."

"ரெண்டும்தான்."

"பாவம். மாத்தி மாத்தி வலிக்குது போல."

கோபுரத்தடியில் ஒரு கல்லில் சரிந்து உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடினேன். ஓர்னெல்லா பதறித் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். "வேணாம் பெரியவரே, இந்தச் சரிவே வேணாம். வந்த வழியே..." என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். தெர்சில்லாவைக் காணோம்.

"எங்க அவ?"

"முன்னாடி இறங்கிப் போயிட்டாங்க. நெஞ்சு வலிக்காரரை அவசரப்படுத்தாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

கீழே பார்த்தேன். கருகின கட்டைகளுக்கு நடுவே ஒரு சிவப்புத் தலைத்துணி குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. கடலைப் பார்க்கிறவர்கள் அத்தனை தடவை குனியமாட்டார்கள்.

உட்கார்ந்தே இருந்தால் பாதை வேறு பக்கம் போய்விடும், இடம் தப்பிக்கும். ஆனால் இந்த வருஷத்துக் குருத்து அவளுக்கு. எழுந்து ஓடினால் நான் நொண்டினதெல்லாம் வீண். உட்காருடா ஜெரோலமோ, உட்காரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்போது அவள் இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை இன்னும் அகலமாக விரித்தாள்.

ஓடினேன். ஆடு மாதிரி கல்லுக்குக் கல் தாவினேன். "பெரியவரே! நெஞ்சு! நெஞ்சு!" என்று ஓர்னெல்லா பின்னால் கத்திக்கொண்டே வந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது முள்புதருக்கடியில் குருத்து ஒடித்த அடித்தண்டுகள்தான் மிச்சம். ஈரம்கூடக் காயவில்லை.

தெர்சில்லா ஊற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முன்துணி மூட்டையாகியிருந்தது. ஓர்னெல்லா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நெஞ்சைப் பிடிச்சவரே ஓடற பாதை! சுலபம் இல்ல, ரொம்பச் சுலபம்னே எழுதிடலாம்!"

நான் அவளைக் கவனிக்கவில்லை. "என்ன அது மூட்டையில?"

"அஸ்பாரகஸ்" என்றாள் தெர்சில்லா. "கல்லறை மதிலோரம் ஒடிச்சேன். நீ கால் மாத்திக்கிட்டு இருந்தியே, அப்ப."

"மதிலோரம் கரி ஏது? விரலைப் பாரு!"

அவள் தன் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள். கழுவியும் கறுப்பு போகவில்லை. "அடுப்புக் கரிய்யா இது. வருஷா வருஷம் ஈஸ்டர் பூசையில நற்கருணை வாங்க நீயும் இப்படித்தானே கறுப்புக் கைய நீட்டுற? உன்னுதும் அடுப்புக் கரிதானே?"

ஓர்னெல்லா என் முகத்தைப் பார்த்தாள், தெர்சில்லா முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளதைச் சொன்னால் நாளைக் காலை மதுக்கடை மொத்தமும் கூடையோடு சரிவில் நிற்கும்.

"அடுப்புதான்" என்றேன்.

"மத்தியானம் வா. முட்டை மட்டும் நீ கொண்டா."

திரும்பி நடந்தேன். "மதிலோரம்தான்யா! என் புருஷன் மேல சத்தியம்!" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தாள். அவள் புருஷனை எனக்குத் தெரியும். அவன் உயிரோடு இருந்தபோதே அவன் பேச்சை யாரும் நம்பினதில்லை. செத்த பிறகு அவன் மேல் செய்த சத்தியத்தையா நம்புவேன்?

இடது முழங்கால் இப்போது நிஜமாகவே வலித்தது. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நேராகவே நடந்தேன்.