விலகிய காரணம்: தண்ணி

எங்கள் கம்பெனியின் சம்பள சாஃப்ட்வேரில் 'விலகிய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. யாராவது வேலையை விட்டு நின்றால் அதை நிரப்பி, மாதாமாதம் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைப் பார்க்கும் இ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போகும் ஃபைலில் சேர்க்க வேண்டும். ராஜினாமா, ஓய்வு, ஆட்குறைப்பு, நீக்கம், மரணம் என்று நம்பர் போட்ட பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தட்டாவிட்டால் ஃபைலே உருவாகாது. பன்னிரண்டு வருஷம் அந்தக் கட்டத்தை நிரப்பியவள் நான். பெயர் ஃப்ளோரன்ஸ், வீடு ராயபுரம், வேலை திருவொற்றியூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம்தானா என்று எனக்கே சந்தேகம்.

2005 மழையில் சடையங்குப்பம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. அங்கிருந்து வரும் பதினோரு பேர் ஒரு மாதம் முழுக்க வேலைக்கு வரவில்லை. எங்கள் டைம்கீப்பர் உசேன் பாய் மழைக்காலத்தில் அவர்களுக்கு ஆப்சென்ட் போடமாட்டார். வருகைப் பதிவேட்டில் நாளுக்கு நாள் சிவப்பு மையில் 'தண்ணி' என்று எழுதிவிடுவார். "வரமாட்டேன்னு நின்னவனுக்கு ஆப்சென்ட் போடலாம். வர முடியாதவனுக்கு ஏன் போடணும்?" என்பார்.

சாஃப்ட்வேருக்கு அந்த நியாயம் புரியவில்லை. ஒரு நாள்கூட வராத ஆளுக்குக் காரணம் சொல் என்று அடம் பிடித்தது. பட்டியலில் தண்ணிக்கு நம்பர் இல்லை. ஃபைலை ஃப்ளாப்பியில் ஏற்றி இ.எஸ்.ஐ. ஆபீசில் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். "எப்படியாவது அனுப்பும்மா" என்று மேனேஜர் செல்வநாதன் கத்தினார். பதினோரு பேருக்கும் 'தானாக விலகினார்' என்று தட்டினேன். ஃபைல் சமர்த்தாகப் போய்விட்டது. தண்ணீர் வடிந்து அவர்கள் திரும்பி வந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று ஏற்றினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்றைக்கு இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்றேன்.

2009-ல் ஆர்டர் படுத்துவிட்டது. நாற்பது பேரை நிறுத்தினார்கள். எல்லாருக்கும் 'தானாக விலகினார்' என்றே போடு என்றார் செல்வநாதன். நான் மல்லுக்கு நின்றேன். ஆட்குறைப்பு என்று போனால்தான் அந்தக் குடும்பங்களுக்கு இ.எஸ்.ஐ. வைத்தியம் கொஞ்ச காலமாவது தொடரும். கடைசியில் அவர் இறங்கிவந்தார். அப்போது ஃப்ளாப்பி போய் சி.டி. வந்திருந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

பத்து நாளில் வேலப்பன் வந்து நின்றார். சடையங்குப்பத்துக்காரர், மோல்டிங்கில் இருந்தவர், நிறுத்தப்பட்ட நாற்பதில் ஒருவர். அவர் மனைவி சொக்கம்மாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இ.எஸ்.ஐ. அட்டையில்தான் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ்.

"இன்னா மேடம் இது? நான் சேந்தே மூணு வர்சம்தான் ஆவுதுன்றாங்க. அஞ்சு வர்சம் இருந்தாத்தான் வைத்தியம் தொடருமாம். இந்த மாசத்தோட அவளுக்கு மெஷின் கெடையாதாம்."

அவருடைய பதிவைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். அவர் தொடர்ந்தார்.

"தொண்ணூத்தெட்டுலேர்ந்து இங்கதான் கீறேன். நடுவுல வேலய வுட்டுப் பூட்டேன்னு எவனோ கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிக்கீறான். நான் எங்கயும் போவல மேடம். தண்ணிதான் எங்க வூட்டுக்கு வந்துச்சு. நீங்க ஒரு வார்த்த பேசிப் பாருங்க."

எவனோ என்றார். அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. "பாக்குறேன்" என்றேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

செல்வநாதனிடம் போனேன். சாஃப்ட்வேர் கோளாறு என்று எழுதிவிடச் சொன்னார். அப்படி எழுதினால் சாஃப்ட்வேர்காரன் பதில் சொல்ல வேண்டும், விசாரணை நடக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். சொக்கம்மாளுக்கு மிச்சமிருந்தது ஒன்பது நாள்.

உசேன் பாய் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். பக்கம் பூராவும் தண்ணி, தண்ணி, தண்ணி. அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷர் எழுதி வைத்ததுதான் உண்மை, நான் அனுப்பியது பொய். பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, கூடவே ஒரு கடிதம் எழுதினேன். 'இந்தப் பதினோரு பேரும் வேலையை விடவில்லை. ஃபைல் போக வேண்டும் என்பதற்காக நான் தவறான காரணம் கொடுத்தேன்.' நிர்வாகத்துக்குத் தெரியாமல் என்று ஒரு வார்த்தை சேர்த்தால்தான் முத்திரை குத்துவேன் என்றார் செல்வநாதன். 'எப்படியாவது அனுப்பும்மா' என்று கத்தியவர் அவர்தான். ஆனாலும் சேர்த்தேன். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

ஆறாவது நாள் திருத்தம் ஏறியது. சொக்கம்மாளுக்கு ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை.

மாதக் கடைசியில் செல்வநாதன் கூப்பிட்டார். முதலாளிக்குக் கோபம், இன்றோடு நின்றுகொள் என்றார். "உன் பேரையும் நீயே ஏத்திடு ஃப்ளோரன்ஸ். தானாக விலகினார்னு போட்டுக்கோ, உனக்கும் மரியாதை." அலுத்துப் போயிருந்தேன். அப்படியே தட்டி, சி.டி.யில் ஏற்றி, பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

கேட்டில் வேலப்பனும் சொக்கம்மாளும் நின்றிருந்தார்கள். அவள் கையில் ஊசி போட்ட இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வேலப்பன், அது எவனோ இல்ல. நான்தான்" என்றேன், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால்.

"தெரியும் மேடம். உங்க லெட்டர இ.எஸ்.ஐ. கவுண்டர்ல படிச்சிக் காட்னாங்க." அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "கோவம்தான். மூணு நாள் கோவம். இவதான் உங்களப் பாக்கணும்னு இட்டாந்தா."

சொக்கம்மாள் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "உன்ன வேலய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு பாய் சொன்னாரு. உன் பேருக்கு நேரா இன்னாம்மா போட்டாங்க?"

"நானே போட்டு சி.டி.ல ஏத்திட்டேன். தானாக விலகினார்னு."

அவள் என் கையை விடவில்லை. "நீயா வுட்டுப் போறே?"

"இல்ல."

"அந்த சி.டி. பூடுச்சா?"

"பைல இருக்கு."

"அப்ப மேல போய் மாத்திட்டு வா. நாங்க இங்கயே நிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் திரும்பிப் படியேறினேன்.