காற்றில் ஏறும் பிள்ளைகள்

"வாயைத் தைச்சுக்கோன்னா சொன்னேன்? அந்தப் பார்வை நேரம் முடியற வரைக்கும் திறக்காதேன்னுதானே சொல்றேன்," என்றாள் அம்மா, மகளின் பின்னலை இழுத்து இறுக்கியபடி.

"ஆ! வலிக்குதும்மா. நீ பின்னல் போடறியா, கயிறு திரிக்கிறியா?"

பின்னலுக்குச் சொந்தக்காரி குருவி. அவளுக்கு வேறு பெயர் உண்டு. பள்ளி வருகைப் பதிவைத் தாண்டி அது எங்கும் புழங்குவதில்லை. வயதுக்குக் குட்டை, எடை கிடையாது, ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. அந்தப் பெயரைச் சூட்டியவள் மாடி வீட்டு ஏணி. ஏணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவள் குருவி. நின்ற இடத்திலிருந்தே அலமாரியின் மேல்தட்டைத் துழாவுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? இருவரும் நடக்கப் பழகியது அந்தக் கட்டடத்தின் மாடிப்படியில்தான். இப்போது சுவர் ஏறுவதும் சேர்ந்துதான்.

நகரத்தின் ஓரத்தில் இருந்த பழைய தானியக் கிடங்கை யாரோ வாங்கி, உள்ளே நாலு மாடி உயரத்துக்குப் பலகைச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவர் முழுக்கக் கையும் காலும் வைக்க வண்ண வண்ணப் பிடிகள். பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவார்கள். யார் அதிக உயரத்துப் பிடியைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. போட்டியன்று பிடிகளைக் கழற்றிப் புது விதமாக மாட்டிவிடுவார்கள். ஏறுவதற்கு முன்னால் போட்டியாளர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சுவரடிக்குக் கூட்டிவந்து, சற்று நேரம் அண்ணாந்து பார்க்க விடுவார்கள். அதுதான் பார்வை நேரம். அப்புறம் எல்லோரும் உள்ளறையில் அடைபட வேண்டும். ஒவ்வொருவராகக் கூப்பிடும்போதுதான் வெளியே வரலாம். முன்னால் போனவர் எங்கே ஏறினார், எங்கே விழுந்தார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

போன போட்டியில் ஒளிந்திருந்த ஒரு பிடியைப் பார்த்தது குருவி. அதை ஏணியிடம் சொன்னதும் குருவி. கோப்பையை வாங்கியது ஏணி. அந்தக் கோப்பையை இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, ஊரே கேட்கச் சிரித்தபடி வீட்டுக்கு வந்தது அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"அவ உன் சிநேகிதிதான், நான் இல்லைங்கலையே. ஆனா இன்னிக்கு முதல்ல வர்ற ஒருத்திதான் தலைநகரத்துப் போட்டிக்குப் போக முடியும். ஒரே ஒருத்தி. போட்டின்னா போட்டி, சிநேகம்னா சிநேகம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதே."

மருந்துக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடி எட்டிப் பார்த்தார். "சில மருந்தை ஒண்ணாத்தான் சாப்பிடணும்மா. தனித்தனியா உள்ள போனா வயித்தைக் கலக்கும்."

"உங்க வியாக்கியானத்தைக் கடையிலேயே வச்சுக்குங்க. வர்றவங்களுக்குச் சேர்த்துக் கட்டிக் குடுங்க."

"சரிங்க டாக்டரம்மா," என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். போகிற போக்கில் மனைவியின் தோளை ஒரு தட்டுத் தட்டினார். அவளும் அதைத் தள்ளிவிடவில்லை. வழக்கமாகப் போட்டிகளுக்குக் குருவியோடு போகிறவர் அவர்தான். இன்று அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லைகளை உரசிச் சட்டத்தில் பொருத்துகிறவள். மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் வேலை. மகளின் கூர்மையான கண் தன்னிடமிருந்து வந்தது என்பதில் அவளுக்கு ரகசியப் பெருமை உண்டு. அந்தக் கண் கண்டுபிடித்ததை இன்னொருத்தி கையில் எடுத்துக் கொடுப்பானேன் என்பதுதான் அவள் கணக்கு. ஏணி மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஏணியின் அம்மா கடல் தாண்டி நர்சு வேலையில் இருந்தாள். அப்பா டாக்சி ஓட்டினார். காய்ச்சல் வந்தால் ஏணி வந்து படுப்பது, 'அத்தை' என்று அவள் கூப்பிடும் குருவியின் அம்மா மடியில்தான்.

அன்று எல்லோரையும் ஏற்றிப்போனதும் ஏணியின் அப்பாவின் டாக்சிதான். பின் சீட்டில் ஏணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். குருவி ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, குருவி இன்னிக்குக் கத்தவே காணோம்?" என்றார் டாக்சிக்கார மாமா.

"பயமா இருக்கும், அப்பா," என்றாள் ஏணி எல்லோருக்கும் முந்திக்கொண்டு. "எனக்கும்தான் இருக்கு. நான் பேசியே அதைத் துரத்துறேன்."

அம்மா கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

கிடங்குக்குள் நுழைந்ததும் அவள் அண்ணாந்து பார்த்தாள். படத்தில் பார்த்திருந்தாள், இத்தனை உயரம் என்று தெரியாது. பாதி உயரத்தில் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, தலைக்கு மேல் கூரைபோலக் கவிந்திருந்தது. அதற்கு மேலே கூர்மையான ஒரு விளிம்பு. அதையும் தாண்டி, கண்ணுக்குச் சிறு பொட்டாகத் தெரிந்தது உச்சிப் பிடி. அங்கேயா என் பெண் ஏறுகிறாள்?

பெற்றோர்கள் மஞ்சள் நாடாவுக்கு இப்பால்தான் நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கோச் வந்து சொல்லிவிட்டுப் போனாள். உள்ளறைக் கதவு திறந்தது. பார்வை நேரம்.

பரீட்சைக் கூடம்போல இருக்கும் என்றுதான் அம்மா நினைத்திருந்தாள். அவரவர் தாளை அவரவர் கையால் மறைத்துக்கொண்டு, பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. அவள் பார்த்ததோ வேறு. ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வந்த அத்தனை பிள்ளைகளும் சுவரடியில் ஒரே கும்பலாக நின்றார்கள். கைகளை மேலே தூக்கினார்கள். காற்றைப் பற்றினார்கள். "வலது கை இங்க, அப்புறம் கால் மாத்தி..." "இல்லடா, அப்படிப் போனா மாட்டிக்குவ, முதல்ல இடது!" தரையை விட்டுக் காலைத் தூக்காமலே அவர்கள் காற்றில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இத்தனை சின்னக் கைகள், இல்லாத பிடிகளைப் பிடித்துப் பிடித்து மேலே போய்க்கொண்டிருந்தன. ஒருவன் திணறினால் இன்னொருத்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான திசையில் நகர்த்தினாள். அம்மாவுக்கு மெய்சிலிர்த்தது. இப்படியும் ஒரு போட்டியா?

அந்தக் கும்பலில் குருவி இல்லை. இடது மூலையில், சுவரோடு ஒட்டி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகக் குந்தியிருந்தாள்.

ஏணி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். "என்னடி, வயித்து வலியா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எழுந்து வா. அந்த விளிம்புகிட்ட பிடியே இல்லாத மாதிரி இருக்கு. உன் கண்ணுக்கு ஏதாவது தெரியுதா?"

குருவி தரையைப் பார்த்தாள். "நான் சொல்லக்கூடாது."

"யார் சொன்னா?"

"அம்மா."

கிடங்கு எதையும் எதிரொலிக்கிற கிடங்கு. நாடாவுக்கு இப்பால் நின்ற அத்தனை தலைகளும் திரும்பின. அம்மாவுக்கு முகம் எரிந்தது. பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் தன் சாவிக்கொத்தை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் ஆராயத் தொடங்கினார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏணி மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். கோபம் இல்லை. தினமும் திறந்தே கிடக்கிற கதவு ஒருநாள் தாழிட்டிருந்தால் வாசலில் நின்று எப்படிப் பார்ப்போமோ, அப்படி ஒரு பார்வை.  பிறகு குருவியின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி. நீ சொல்லாத. கேக்கக்கூடாதுன்னு அத்தை சொல்லலைல்ல? கேளு. அந்தக் கூரை மாதிரி இருக்கே, அங்க கையால மட்டும் தொங்கினா விழுந்துடுவ. குதிகாலைத் தூக்கிப் பச்சைப் பிடி மேல மாட்டு. மாட்டி இழு. உன் எடைக்கு ஜம்முன்னு வரும்."

 குருவி தலை நிமிர்ந்து நேராக அம்மாவைப் பார்த்தாள். கண்டித்துப் பார்க்கவில்லை, கெஞ்சிப் பார்த்தாள்.

பேசத்தான் கூடாது. அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். வலது கையால் காற்றைப் பிடித்தாள். அதற்கு மேல் இடது கையால் பிடித்தாள். கைப்பை வழுக்கி முழங்கையில் வந்து தொங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது; அவள் நிறுத்தவில்லை.

"என்ன தங்கச்சி, பல்பு மாட்டறியா?" என்றார் டாக்சிக்காரர். 

குருவி ஏணியின் சட்டையைப் பற்றி இழுத்தாள். "இங்க வா! குனி! இன்னும் குனி, ஒட்டகமே! அந்த விளிம்புக்குப் பின்னால பாரு. வெள்ளையா, சின்னதா."

"ஐயோ! இது எப்படிடி தெரிஞ்சுது?"

"குட்டையா இருந்தாத்தான் தெரியும்."

இருவரும் ஒன்றாகக் கையைத் தூக்கி, அந்த விளிம்பைச் சுற்றி வளைத்து, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிடியைப் பிடித்தார்கள். விசில் ஒலித்தது.

முதலில் வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கூரையிலேயே கழன்று விழுந்தார்கள். கயிறு அவர்களைத் தாங்கி இறக்கியது. குருவி வந்தாள். கீழிருந்து பார்க்க, சுவரில் ஒட்டிய சருகுபோல இருந்தாள். கூரைக்கடியில் தலைகீழாகத் தொங்கியவள், ஏணி சொன்னபடியே குதிகாலைத் தூக்கிப் பச்சைப் பிடியில் மாட்டி இழுத்தாள். அந்தச் சிறிய உடம்பு மெல்ல மடங்கிக் கூரையின் மேல்பக்கம் எழுந்தபோது அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். இவளையா நான் இன்று காலை பின்னலைப் பிடித்து உட்கார வைத்தேன்? விளிம்பையும் குருவி தாண்டினாள். உச்சிப் பிடி ஒன்றுதான் பாக்கி. எட்டினாள். எட்டவில்லை. இன்னொரு முறை பாய்ந்தாள். விரல் நுனி பிடிக்குக் கீழே பலகையை உரசி, நழுவி, கயிற்றில் ஆடியபடி கீழே வந்தாள். அதுவரை யாரும் போகாத உயரம் அது. மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து மேலே பார்த்தாள்.

கடைசியாக ஏணி.

கூரையை அவள் தாண்டினாள். விளிம்புக்கு வந்ததும் நின்றாள். ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, மறுகையால் எதிரே தெரிந்த வழுவழுப்பான பலகையைத் தடவினாள். பதற்றத்தில் மறந்துவிட்டாள்போல.  'மறந்தே போகட்டும்' என்று ஒரு குரல் சொன்னது. அது தன் உள்ளேயிருந்து வந்த குரல் என்று தெரிந்ததும் அம்மா திடுக்கிட்டாள். அவள் பார்வை மகளைத் தேடியது.

குருவி எழுந்து நின்றிருந்தாள். கீழிருந்து இடத்தைச் சொன்னால் ஏணியைத்தான் போட்டியிலிருந்து வெளியேற்றுவார்கள். அதனால் இரண்டு உள்ளங்கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, நுனிக்காலில் நின்று, கண்ணாலேயே ஏணியைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு முழுவதும் ஏணியோடு சேர்ந்து அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஏணியின் கை விளிம்பைச் சுற்றி மறைந்தது. பிடித்தது.

"ஏணீ!" குருவியின் அலறல் கிடங்கின் கூரையில் மோதித் திரும்பியது. நீண்ட கை ஒரே எட்டில் உச்சிப் பிடியைத் தொட்டது. குருவி குதித்தாள். குதித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விஷயம் உறைத்தது. முகம் கோணியது, கண்ணீர் பொங்கியது. கால்கள் மட்டும் நிற்கவில்லை. அழுதுகொண்டே குதித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அவள் கால் தானாக நாடாவை நோக்கி நகர்ந்தது.

"இரு தங்கச்சி," என்றார் டாக்சிக்காரர். "நாம நடுவுல போகவேண்டாம்."

ஏணி இறங்கியதும் குருவி அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "நெட்டைக் கொக்கு! இந்தக் கை இருந்தா யார் வேணா தொடலாம்!"

"நீயும் வளரு. யார் வேண்டாம்னா?"

"வளரமாட்டேன். அடுத்த தடவை இதே உயரத்தோட உன்னைத் தோக்கடிக்கிறேன் பாரு." சொல்லிவிட்டு ஏணியின் தோளிலேயே முகத்தைப் புதைத்து விசும்பினாள்.

கோச் அம்மாவிடம் வந்தாள். "பெரிய போட்டி வர்ற வரைக்கும் ஏணிக்குத் தினமும் பயிற்சி. கூட ஏற ஆள் வேணும். உங்க பொண்ணை அனுப்புவீங்களா? தோத்த பிள்ளைங்களைச் சில பேர் கொஞ்ச நாள் கூட்டிட்டே வரமாட்டாங்க. அதான் கேக்கறேன்."

"அவளையே கேளுங்க," என்றாள் அம்மா.

குருவி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "வருவேன். அவ அங்க போய் எல்லாரையும் ஜெயிக்கணும். அப்பத்தான் நான் அவளை ஜெயிச்சா பெரிய ஆளு."

கோச் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எதையோ உயரத்தில் பார்த்ததுபோலக் கழுத்து வலித்தது; பார்த்துக்கொண்டிருந்ததோ தன் இடுப்பளவு பெண்ணை.

பிடி வழுக்காமலிருக்கக் கையில் பூசிய சாக்பொடியைத் தட்டியபடி ஏணி தனியாக வந்தபோது, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை பண்ணினது தப்புடா கண்ணு."

ஏணி நெளிந்தாள். "நானும் முதல்ல அந்தக் குதிகால் விஷயத்தைச் சொல்ல வேண்டாம்னுதான் நினைச்சேன், அத்தை. நிஜமா. ரொம்பக் கோபம் வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொன்னே?"

ஏணி யோசித்தாள். பொய் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்று யோசிக்கிற முகம். "அவ விழுந்து நான் ஜெயிச்சா, வீட்டுக்கு யார்கூடப் பேசிட்டுப் போறது?"

 சுவரடியிலிருந்து குருவியின் குரல் வந்தது. "ஏய் நெட்டை! அங்க என்ன கதை? வந்து சொல்லு, அந்தக் கடைசிப் பிடியை என் கையால எப்படித் தொடறது?"

ஏணி ஓடினாள். போட்டி முடிந்திருந்தது, நாடாவை யாரோ சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, மெத்தையில் ஏறி, இருவரும் பேசுவது காதில் விழுகிற தூரத்தில் உட்கார்ந்தாள்.