ஏழாவது அடியில் ஒரு நாற்காலி

நாற்காலி மறுபடியும் நகர்ந்திருந்தது.

ஒரு சாண். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணி முட்டி போட்டு, விரலை விரித்து அளந்தே பார்த்துவிட்டாள். மேடைப் பலகையில் அவள் ஒட்டிய நான்கு வெள்ளை டேப் துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றின் மேல் நிற்க வேண்டிய நாற்காலிதான் மேசைப் பக்கமாக ஒரு சாண் தள்ளி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

மூடிய திரைக்கு அந்தப் பக்கம் இடைவேளைச் சத்தம். இரண்டு நிமிடத்தில் மணி அடிக்கும். நேற்று முதல் ஷோவிலும் இதே கதைதான். யார் செய்தது என்று விசாரிக்க நேரமில்லை. அவள் நாற்காலியைத் தூக்கி, நான்கு கால்களையும் டேப் மேல் பொருத்தி வைத்துவிட்டு, மேடையோரத் திரை மறைவான விங்குக்குள் ஒதுங்கினாள்.

குழுவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். டைரக்டர் அவள் கணவரின் தம்பி. அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நடிகர்கள், லைட்டுக்காரர், வாசலில் வண்டி பார்த்துக்கொள்பவர் வரை எல்லோரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கணவர் முதல் மணி அடிக்கும்போதே தூங்கிவிடுகிற ஜீவன். அவருக்கும் நாடகத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அண்ணிக்கோ பகலெல்லாம் அச்சகத்தில் புரூப் திருத்துகிற வேலை. சாயங்காலமானால் மேடை. பதினோரு வருடமாக நாற்காலி, மேசை, கண்ணாடி டம்ளர், பொய்த் தொலைபேசி எல்லாம் அவள் பொறுப்பு. அச்சில் ஒரு கால்புள்ளி தப்பினால் எப்படிப் பொறுக்க மாட்டாளோ, அப்படித்தான் மேடையில் ஒரு சாணும்.

திரை விலகியது. இரண்டாம் அங்கம்.

வீட்டை விற்றுவிட்ட அப்பா, அதை மகளிடம் சொல்கிற கட்டம். அப்பாவாக நடிப்பவரை எல்லோரும் ஜட்ஜ் என்பார்கள். முன்பு ஒரு நாடகத்தில் அவர் நீதிபதியாக வந்து கொடுத்த தீர்ப்பால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். மூன்று மாதம் முன்னால் கடையை மூடிவிட்டார். கேட்டவர்களிடம், "இப்ப யாரு கடிகாரம் கட்டுறா? எல்லாரும் போனைப் பாக்குறாங்க" என்றார்.

மேடையில் ஒவ்வொரு விளக்காக இறங்கி, மேசை விளக்கு மட்டும் மிஞ்சியது. ஜட்ஜ் மேசை விளிம்பில் கை வைத்து நின்றார். கதவோரம் நின்ற மகளின் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். ஏழு அடி. பின்னால் பார்க்காமல், தடவாமல், அப்படியே உட்கார வேண்டும். அந்த உட்காருதலுக்காகவே இரண்டாவது தடவை டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு.

ஏழாவது அடியில் உட்கார்ந்தார்.

நாற்காலி அங்கே இல்லை. ஒரு சாண் பின்னால் இருந்தது. அதன் நுனியில் பட்டுச் சறுக்கி, ஒரு முழங்கால் தரையில் மோதியது. பலகை அதிர்ந்தது. விங்கில் அண்ணியின் கை வாய்க்குப் போனது. ஜட்ஜ் நாற்காலிக் கையைப் பிடித்து, அந்த முழங்காலிலேயே நின்று மிச்ச வசனத்தைச் சொன்னார். மகளிடம் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார் என்று சபை நினைத்துக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

டைரக்டர் கைதட்டவில்லை.

ஷோ முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு வந்தார். அவர் மேடையில் வெறுங்காலோடுதான் நடப்பார். எங்காவது ஆணி தலை தூக்கியிருக்கிறதா என்று காலாலேயே பார்த்துவிடுகிற பழக்கம்.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"வெளியாளா இருந்தா நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டிருப்பேன். நீங்க அண்ணியாப் போயிட்டீங்க."

"அதனால மரியாதையா கேக்கப் போறீங்க. கேளுங்க."

"ரெண்டு நாளா நாற்காலி இடம் மாறுது. நேத்து தடுமாறினாரு, இன்னிக்கு விழுந்தாரு. அவருக்கு அறுபத்தெட்டு வயசு. இடுப்பு போனா யார் பதில் சொல்றது?"

"நாற்காலி என் டேப் மேலதான் இருந்துச்சு தம்பி. வேணும்னா இப்ப பாருங்க."

"டேப் சரியா இருந்து என்ன பண்ண? மனுஷன் விழுந்தாரே." டைரக்டர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா, கடைசி ஷோவுக்கு சாமானெல்லாம் ஸ்டெப்னி பாத்துக்கட்டும். நீங்க வாசல்ல டிக்கெட் கிழிங்க. அடுத்த நாடகத்துக்கும் அதேதான்."

ஸ்டெப்னி என்பது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளைஞன். இந்த நாடகத்தில் தபால்காரனாக வந்து "தபால்" என்று ஒரே ஒரு வார்த்தை பேசுவான். ஆனால் ஜட்ஜின் வசனம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். விங்கில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பான். ஜட்ஜுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் போதும் என்று காத்திருக்கிற முகம்.

இவனேதான் என்று முடிவு கட்டினாள் அண்ணி. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் மூன்றாவது ஷோ. இடைவேளை பதினைந்து நிமிடம். திரை விழுந்ததும் நாற்காலியை டேப் மேல் வைத்தாள். மேக்கப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த முகப் பவுடரை நாற்காலியைச் சுற்றியும் மேசை வரைக்கும் தாராளமாகத் தூவினாள். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பவுடர். திருடன் வந்தால் தடம் பேசும்.

அந்த வழியாக வந்த ஸ்டெப்னி நின்றான்.

"என்ன அண்ணி, மேடைக்கே மேக்கப் போடுறீங்களா?"

"தவறிக் கொட்டிடுச்சு. நீ போய் உன் ஒத்த வசனத்தை மறக்காம பாத்துக்க."

"அதுலயே உயிரை விடுறேன் அண்ணி. நேத்து ரெண்டு பேர் அழுதாங்க." பவுடரை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

அவள் வேண்டுமென்றே மேடையை விட்டுப் போனாள். பின்பக்கக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு மனதுக்குள் இருநூறு வரை எண்ணினாள். திரும்பி வந்தாள்.

நாற்காலி நகர்ந்திருந்தது. பவுடரில் தடம்.

அண்ணி குனிந்தாள். முன்பக்கம் அகலம், பின்பக்கம் அரை நிலா மாதிரி ஒரு குதி. ரப்பர் செருப்பு போடுகிற ஸ்டெப்னி இல்லை. குழுவிலேயே குதி வைத்த ஷூ ஒருவருக்குத்தான். நாடகத்து அப்பாவுக்காக, முதல் ஷோவுக்கு முந்தின நாள் தைத்து வந்த ஜோடி.

ஜட்ஜ்.

தன்னையே விழவைத்துக்கொள்ள ஒரு மனுஷன் நாற்காலியை நகர்த்துவானா?

தடங்களை மேசையிலிருந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தையல் போட்ட மாதிரி நேர்கோடு. ஏழாவது தடத்துக்குப் பின்னால், இம்மி பிசகாமல், நாற்காலி. அவளுக்கு முதல் ஒத்திகை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரே நடந்து காட்டினார், "ஏழு அடி எடுத்து வெச்சதும் நாற்காலி வந்துடணும்மா" என்று. அன்று காலில் செருப்பு. இப்போது குதி வைத்த ஷூ. அடி குட்டையாகிவிட்டது. ஏழு அடிக்கு ஒரு சாண் குறைகிறது.

அதைச் சொன்னால் அவளே டேப்பை மாற்றி ஒட்டியிருப்பாளே. ஏன் சொல்லவில்லை?

வெள்ளைத் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டெப்னி ஓரமாகச் சுற்றிப் போனான். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள். ஜட்ஜ் பவுடரின் நட்டநடுவில் நடந்து போயிருக்கிறார்.

அவருக்கு அது தெரியவே இல்லை.

மேக்கப் ரூமில் ஜட்ஜ் தனியாக உட்கார்ந்திருந்தார். ஷூ இரண்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. அண்ணி கதவைச் சாத்திவிட்டு, ஈரத்துணியோடு அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"யாரு?"

"நான்தான் ஜட்ஜ் சார். ஷூல பவுடர். காலைக் காட்டுங்க."

"பவுடரா?" குனிந்து பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, தன் ஷூவைத் தேடிப் பிடித்தார். பிடித்ததும் முகம் மாறியது. "நீ தூவினியா?"

"திருடனைப் பிடிக்கத் தூவினேன். நீங்க மாட்டிக்கிட்டீங்க."

அவள் ஒரு ஷூவைத் துடைத்து முடித்தாள்.

"எவ்வளவு நாளா சார்?"

"ஒரு வருஷம் இருக்கும். குழாய் வழியாப் பாக்குற மாதிரி. உன் முகம் தெரியுது, உன் கை தெரியல. வெளிச்சம் இறங்கினா அதுவும் போச்சு. ஸ்க்ரூ மேசையில உருண்டா தேட முடியல. அப்புறம் எதுக்குக் கடை?"

"வீட்ல?"

"மருமகளுக்குத் தெரியும். சொட்டு மருந்து அவதான் விடுறா. நாடகத்தை விடுங்க மாமான்னு ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்றா, மருந்துக்கு ஒண்ணு வீதம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? டேப்பை மாத்தியிருப்பேன்."

"கண்ணு தெரியுறவனுக்கு ஒரு சாண் ஒரு பொருட்டாம்மா? ஓரக்கண்ணால பாத்து உக்காந்துட்டுப் போவான். நகர்த்துன்னு சொன்னா, ஏன்னு கேப்ப. நீ கேக்காம விடுற ஆளா? முதல் நாள் நீ பாத்துட்டுப் போன பிறகு நகர்த்தினேன். நீ மறுபடி வந்து பாப்பன்னு யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு தடவை பாப்பேன்."

"தெரிஞ்சுக்கிட்டேன். முழங்கால்ல வீக்கம் இருக்கு."

அண்ணியின் ஒழுங்குதான் அவரை இரண்டு நாளும் தடுக்கிவிட்டிருக்கிறது.

"மேடை விளிம்பு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"முன்னாடி இருக்கிற விளக்குச் சூடு. முழங்காலுக்குக் கீழ சுட்டா நின்னுடுவேன்."

"ஒரு பல்பு போயிட்டா?"

அவர் வீங்கிய முழங்காலைத் தடவினார்.

மணி அடிக்க இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அண்ணி யோசித்தாள். நேராகப் போய் டைரக்டரிடம் சொன்னால் அவள் தப்பு இல்லை என்று ஆகிவிடும், அவள் இடமும் மிஞ்சும். அடுத்த நிமிடமே ஸ்டெப்னிக்கு அப்பா வேஷம். சொல்லாமல் விட்டு, இன்றைக்கும் அவர் விழுந்தால், அவள் வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டும். அதுகூடப் போகட்டும். இடுப்பு உடைந்தால்?

"கடைசி ஷோ முடிஞ்சதும் நீங்களே தம்பிகிட்ட சொல்லணும். சரியா?"

"சரி."

"ஷூவைக் கழட்டுங்க. அடிப்பக்கம் பாக்கணும்."

அடிப்பக்கம் மெல்லிய தோல். போதும்.

திரை இழுக்கிற கறுப்புக் கயிற்றில் சுண்டுவிரல் கனத்துக்கு மிச்சச் சுருள் ஒன்று சாமான் அறையில் இருந்தது. வெட்டி எடுத்து வந்தாள். பவுடரைத் துடைத்தாள். வெள்ளை டேப்புகளை உரித்து ஒரு சாண் தள்ளி ஒட்டினாள். மேசைக் காலிலிருந்து நாற்காலிக் கால் வரைக்கும் கயிற்றை நேராக இழுத்து, மேலே கறுப்பு டேப் ஒட்டினாள். நாற்காலிக்கு முன்னால் குறுக்கே ஒரு துண்டு. மேடை விளிம்புக்கு ஓரடி உள்ளே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இன்னொன்று. கறுப்புப் பலகையில் கறுப்புக் கயிறு. நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது.

ஜட்ஜைக் கூட்டி வந்து, காலைக் கயிற்றில் வைக்கச் சொன்னாள்.

"தெரியுதா?"

அவர் மெல்ல மிதித்துப் பார்த்தார். "நல்லாத் தெரியுது."

மணி அடித்தது.

விளக்குகள் இறங்கின. ஜட்ஜ் மேசையில் கை வைத்து நின்றார். அண்ணி விங்கில் தூணைப் பிடித்துக்கொண்டாள். எதிர் விங்கில் ஸ்டெப்னியின் உதடுகள் அசைந்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது அடியில் ஜட்ஜ் நின்றுவிட்டார். வசனத்தில் அப்படி ஓர் இடைவெளியே கிடையாது. கயிற்றைத் தவற விட்டுவிட்டாரா? ஷூ நுனி ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்ந்தது. நின்றது. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னார், முன்னைவிடத் தணிந்த குரலில். ஐந்து. ஆறு. ஏழு.

உட்கார்ந்தார்.

நாற்காலி முனகக்கூட இல்லை. சபையில் ஒரு இருமல் இல்லை. பிறகு கைதட்டல் வந்தது.

ஷோ முடிந்து, பார்க்க வந்தவர்கள் கலைந்ததும், டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு.

"அண்ணி, இன்னிக்குப் பிரமாதம். நான் நேத்து பேசினதை..."

பேச்சு அப்படியே நின்றது. வலது கால் கட்டைவிரல் எதையோ தொட்டுவிட்டது. குனியவில்லை. விரலாலேயே தடவினார். மேசையிலிருந்து நாற்காலி வரை கயிற்றின் மேலேயே நடந்தார். அங்கிருந்து விளிம்புக்குப் போனார். குறுக்குக் கயிற்றை மிதித்துக்கொண்டு நின்றார்.

மேடையின் மறுகோடியில் ஜட்ஜ் தண்ணீர் டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். டம்ளர் மேசையில்தான் இருந்தது. கை மேசை மேல் மெதுவாக ஊர்ந்து போய் அதைத் தொட்டது.

டைரக்டர் வெகு நேரம் அதைப் பார்த்தார்.

"போன மாசம் படி இறங்கும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு," என்றார் தாழ்ந்த குரலில். "மனுஷனுக்கு நம்ம மேல இவ்வளவு பிரியமான்னு நினைச்சு வீட்ல போய்ச் சொன்னேன்."

அண்ணியின் பதினோரு வருடமும் அந்த மேடையும் இப்போது டைரக்டரின் வாயில் இருந்தன. ஜட்ஜின் அப்பா வேஷமும் அங்கேதான் இருந்தது.

"நீங்களா போட்டீங்க?"

"நான்தான் தம்பி."

"எப்பத் தெரியும்?"

"இன்னிக்கு இடைவேளையில."

"என்கிட்ட சொல்லல."

"கடைசி ஷோ முடிஞ்சதும் அவரே சொல்றேன்னாரு."

டைரக்டர் விளிம்புக் கயிற்றை இன்னொரு தடவை மிதித்தார். பிறகு பின்னால் நகர்ந்து, காலால் அளந்து, ஓர் இடத்தில் நின்றார்.

"ஓரடி பத்தாது அண்ணி. பேசுற வேகத்துல ஒரு அடி தாண்டிடுவாரு. ரெண்டடி உள்ள வரட்டும். இங்க."

அவள் பாக்கெட்டிலிருந்து சாக்பீஸை எடுத்து, அவர் கால் இருந்த இடத்தில் கோடு போட்டாள்.

"படிக்கட்டு முனையிலயும் ஒண்ணு," என்றார். "அப்புறம், ஸ்டெப்னிக்கு இது தெரிய வேணாம். அவன் வாய்ல எதுவும் தங்காது."

"அப்ப நாளைக்கு அவனை விங்குல நிக்க விடக்கூடாதே. கயிறு கண்ல பட்டுடும்."

டைரக்டர் யோசித்தார்.

"தபால் குடுத்துட்டு நேரா வாசலுக்குப் போகட்டும். டிக்கெட் கிழிக்க ஆள் வேணும்ல."

"நாடகம் பாதி முடிஞ்ச பிறகு யாரு தம்பி டிக்கெட் வாங்கப் போறாங்க?"

"அதை அவன் கேக்கும்போது பாத்துக்கலாம்."

அண்ணி முட்டி போட்டு, விளிம்புக் கயிற்றின் டேப்பை உரிக்க ஆரம்பித்தாள்.