வேர் மேலே பார்த்த களைகள்

தையல்காரரின் மனைவிக்கு நெஞ்சு பலவீனம். தினமும் அரை மணி நேரம் தோட்டத்தில் மண்ணைக் கொத்துங்கள், களை பிடுங்குங்கள், அதுதான் உங்களுக்கு உடற்பயிற்சி என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனிதர் கேட்டாரா? கட்டியவள் மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் எழுவதற்குள் பாத்தி முழுவதையும் தானே கொத்தி முடித்துவிடுவார். பெரிய தியாகி என்று நினைப்பு!

அவள் வந்து பார்த்து, "எனக்கும் கொஞ்சம் விட்டு வைங்களேன்" என்பாள். இவர் சிரித்து மழுப்புவார். தப்பிய ஒன்றிரண்டு களைகளைப் பிடுங்கி, மறுபடி முளைக்காதபடி வேர் மேலே பார்க்க வரிசையாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் மாடிப்படி ஏறும்போது அந்த நெஞ்சு நின்றுபோனது.

இப்போது இவருக்குச் சர்க்கரை. அதே டாக்டர், அதே அரை மணி நேரம். மகள் போனில் நச்சரித்த பிறகு ஒரு காலையில் மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பாத்தி ஏற்கெனவே கொத்திக் கிடந்தது. ஓரத்தில் களைகள் வரிசையாக, வேர் மேலே பார்த்தபடி.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மண்வெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார், பின்கதவையும் பூட்டினார். பலனில்லை. பக்கத்து வீட்டுக்காரரை விசாரித்தபோது அவர் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தோட்டத்தில் செய்ய வேலையில்லாமல் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். பாதம் மரத்துப்போனது. இப்படியே உட்கார்ந்திருந்தால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

பழிவாங்குகிறாள் என்றுதான் முதலில் பயந்தார். பிறகு, பாசத்தில் செய்கிறாளோ என்று தோன்றியபோதுதான் இன்னும் பயந்தார். அவர் செய்ததும் அதைத்தானே.

அன்று சாயங்காலம் பாத்தியின் ஓரம் போய் உட்கார்ந்தார். "தெரியாம பண்ணிட்டேன்மா," என்றார். "எனக்கும் கொஞ்சம் விட்டு வை."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. குழந்தை மாதிரி அழுதார்.

விடிந்ததும் போனார். பாத்தியில் சரிபாதிதான் கொத்தியிருந்தது. மறுபாதி களையோடு அப்படியே கிடந்தது. உள்ளே பூட்டி வைத்திருந்த மண்வெட்டி நடுவில் கிடந்தது, பிடி அவர் பக்கமாக.

எடுத்துக் குனிந்து கொத்த ஆரம்பித்தார். பக்கத்திலேயே யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. போதும், நீ போய் உட்கார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் சொல்லவில்லை.