ஒரே ஈற்றில் இரண்டு குட்டி

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, எதை வாங்கினாலும் என்னைவிட ஒரு படி மேலே வாங்குவான். நாயிலாவது முந்திக்கொள்வோம் என்று லேத் பட்டறையைப் பூட்டிவிட்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வேலையை விட்டபின் லாப்ரடார் வளர்ப்பவர். ஏழு குட்டிகளில் ஒன்று நேராக வந்து என் செருப்பு வாரைக் கவ்வியது. அதையே தூக்கிக்கொண்டேன்.

"இதுக்குக் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால நிக்குது. வீட்டுக்குத்தான் சரி. போட்டிக்கு விடக்கூடாது, வயசு வந்ததும் கருத்தடை பண்ணிடணும். மீறினா திருப்பி எடுத்துக்குவேன். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க," என்றார்.

படிக்காமலே போட்டேன்.

மறுவாரம் சகலை அதே ஈற்றில் போட்டிக்குத் தேறிய குட்டியை வாங்கினான். அவன் ஒப்பந்தம் நாலு பக்கம். இரண்டு வருஷத்துக்கு டீச்சரம்மாவும் கூட்டு உரிமையாளர். குட்டியின் வம்சாவளிச் சான்றிதழை மச்சினி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

"பாருங்க மாமா, முதல்ல டீச்சரோட நாய்ப்பண்ணைப் பேரு, அதான் கென்னல் பேரு, அப்புறம் இவன் பேரு. எவ்ளோ நீளம்!"

அதே கென்னல் பெயர் என் நாய்க்கும் உண்டு. ஆனால் என் சான்றிதழில் 'இனப்பெருக்கத்துக்கு அல்ல' என்று சிவப்பு முத்திரை.

குட்டிகளுக்கு எட்டு மாதமானபோது சகலை நாய்க் கண்காட்சிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தான். நானும் கொடுத்தேன். விண்ணப்பத்தில் கென்னல் பெயரை விழுங்கிவிட்டு என் பட்டறைப் பெயரை எழுதினேன்.

"ஏங்க, வேண்டாத வேலை," என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி புருஷன் மட்டும்தான் கோப்பை வாங்கணுமா?"

மைதானத்தில் நடுவர் என் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த நாய்க்கு நகர்ந்தார். அடுத்தது சகலையுடையது. கோப்பை அதற்கு.

வெளியே வந்தால் எதிரே டீச்சரம்மா. என் நாய் அவர்மேல் தாவியது.

"பேரை மாத்தினா நான் புட்டிப்பால் குடுத்த முகம் மாறிடுமா? கயித்தைக் குடுங்க."

கொடுத்தேன். நாய் அவரோடு நாலடி போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

"டீச்சரம்மா, தப்புதான். இதை மட்டும் எடுத்துடாதீங்க."

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சகலை ஓடிவந்தான். "டீச்சர், அண்ணனுக்கு நான் பொறுப்பு. இனி இப்படி நடந்தா என் நாயையும் சேர்த்து எடுத்துக்குங்க."

"பத்து நாள்ல ஆபரேஷன் முடிச்சு டாக்டர் சீட்டோட வரணும்," என்று டீச்சரம்மா கயிற்றைத் திருப்பித் தந்தார்.

அவன் கோப்பை வாங்கியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அவன் என்னைக் காப்பாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் அன்றும் அவன் காரில்தான் போனோம். திரும்பும்போது நாய் பின் இருக்கையில் எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. காரை ஓட்டியது மச்சினி. பாதி வழியில் நாய் மயக்கம் தெளிந்து, தலையைத் தூக்கி, சகலையின் கையை நக்கியது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.